டிஏ-வா, ரோட்டரியா? கறுப்புக் காருக்கு மெஷின் பாலிஷ்

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2024

கறுப்பு செடான், நாலு வருஷம் ஆச்சு. பேஸ்மென்ட்ல பாத்தா பளபளன்னு இருக்கு. வெளிய வெயில்ல நிறுத்தினா பானட் முழுக்க வட்ட வட்டமா கோடு. ஆன்லைன்ல மூவாயிரம் ரூபாய்க்கு பாலிஷிங் மெஷின் வருது. கூடவே ஒரு காம்பவுண்ட் (முரட்டு பாலிஷ்) டப்பாவும் வாங்கி நானே போட்டுடலாம்னு இருக்கேன். டிங்கரிங் கடைக்காரர் "ரோட்டரிதான் வேலைக்கு ஆகும், டிஏ எல்லாம் பொம்மை"ங்கிறார். எந்த மெஷின், எந்த பாலிஷ்?

9 ஜனவரி, இரவு

டிஏ, அதாவது டூயல் ஆக்ஷன் மெஷின், வாங்குங்க. பொம்மையாவே இருந்துட்டுப் போகட்டும், பெயிண்ட்டைத் தின்னாத பொம்மை.

ரோட்டரில பேட் (பாலிஷைத் தேய்க்கிற வட்ட மெத்தை) ஒரே அச்சுல சுத்தும். ஒரே இடத்துல நாலு செகண்ட் கூட நின்னா சூடு ஏறி பெயிண்ட் போயிடும், அதுவும் பானட் விளிம்பு, டோர் மடிப்புக் கோடு மாதிரி இடங்கள்ல. டிஏ-ல பேட் சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும். நீங்க ரொம்ப அழுத்தினா சுத்துறது நின்னு வெறும் நடுக்கம் மட்டும்தான் மிஞ்சும். அந்த பலவீனம்தான் புதுசா பண்றவனுக்குப் பாதுகாப்பு.

டப்பால 8 மிமீ, 15 மிமீ, 21 மிமீன்னு போட்டிருக்கும். அது த்ரோ, பேட் எவ்ளோ அகலமா ஆடும்ங்கிறது. 8 மிமீ மெஷின் அடக்கமா இருக்கும், ஆனா வேலை மெதுவா நடக்கும். 15 மிமீ-யும் 5 இன்ச் பேடும் வீட்டுக்குச் சரியா வரும். 21 மிமீ பானட்லயும் கூரைலயும் சொகுசா ஓடும். இன்னோவா ஓட்டுறவங்க அதை யோசிக்கலாம். பம்பர் வளைவு, பில்லர்னு வந்தா அது முட்டும்.

கரண்ட் பத்தியும் கேப்பீங்க. 900 வாட் டிஏ சுமார் 4 ஆம்பியர் இழுக்கும், சாதா 6 ஆம்ப் பிளக் போதும். 1,200 வாட்டுக்கு மேல போற ரோட்டரிக்கு 16 ஆம்ப் பாயின்ட் தேடணும். அமெரிக்கால இருந்து மச்சான் கொண்டு வந்த 110 வோல்ட் மெஷினை நம்ம 230-ல சொருகிடாதீங்க. சிரிக்காதீங்க, நடந்திருக்கு. எங்க அபார்ட்மென்ட்லயே.

10 ஜனவரி

பாலிஷ் பத்தி நேத்து எழுதாம விட்டேன். காரணம், டப்பாவை விட பேடுதான் முக்கியம்னு நினைக்கிறேன். அதே காம்பவுண்டை மைக்ரோஃபைபர் பேட்ல போட்டா நல்லா வெட்டும், மெத்து மெத்துன்னு இருக்கிற ஃபினிஷிங் ஃபோம்ல போட்டா வெறும் பளபளப்போட நின்னுடும். கம்பளி பேட், மைக்ரோஃபைபர், கெட்டி ஃபோம், மெத்து ஃபோம்னு வெட்டுற வேகம் குறைஞ்சுக்கிட்டே வரும். நிறத்தை வச்சு வாங்காதீங்க. ஒரு கம்பெனியோட ஆரஞ்சு இன்னொரு கம்பெனியோட மஞ்சளா இருக்கும், பொது விதின்னு ஒண்ணு கிடையாது.

சரி, டப்பாவுக்கு வர்றேன். கடைல "ரப்பிங் காம்பவுண்ட்"னு கேட்டா நிறைய இடத்துல கெட்டியா ஒரு பேஸ்ட்டை எடுத்து வைப்பாங்க. அது பெயின்டரோட சரக்கு. புதுசா டியூகோ பெயிண்ட் அடிச்சு, 2000 நம்பர் எமரி தேச்சப்புறம் அந்தக் கோட்டை எடுக்கிறதுக்குன்னே வந்தது. நீங்க எடுக்கப் போறது தண்ணி சர்வீஸ்ல கழுவித் துடைக்கும்போது விழுந்த கோடு. அதுக்கு அவ்ளோ முரட்டுத்தனம் வேண்டாம்.

நான் ரெண்டு கம்பெனியோட பாலிஷை மட்டும் கையாண்டிருக்கேன். மென்செர்னால நம்பர் ஏற ஏற மென்மை கூடும்: 400 நல்லா வெட்டும், 3500 கடைசி பளபளப்புக்கு. அதோட துகள் தேய்க்கத் தேய்க்க உடைஞ்சு சின்னதாகும், அதனால பாதியில நிறுத்தக் கூடாது. அந்தப் படலம் மெல்லிசாகி எண்ணெய் மாதிரி தெளியிற வரைக்கும் ஓட்டணும். மெகுயர்ஸோட 105, 205 வேற ரகம். துகள் ஆரம்பத்துல எப்படியோ கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், எப்ப வேணா நிறுத்தலாம். நிறைய பேர் முதல் ரக பாலிஷை ரெண்டாவது ரகம் மாதிரி சட்டுன்னு துடைச்சுட்டு "கறுப்புல புகை படிஞ்ச மாதிரி தெரியுது, பாலிஷ் சரியில்ல"ன்னு திட்டுறாங்க. பாலிஷ் மேல தப்பில்ல.

உங்களுக்கு: 205 மாதிரி ஒரு ஃபினிஷிங் பாலிஷ், ஒரு நடுத்தர ஃபோம், ஒரு மெத்து ஃபோம். காம்பவுண்ட் இப்ப வாங்க வேண்டாம்.

10 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒரு ஃபோம் பேட்ல முழுக் காரும் முடியாது. பேட் நனைஞ்சு சூடாகி மேலோட கழண்டு வந்துடும். ஒவ்வொரு ரகத்துலயும் குறைஞ்சது மூணு வாங்குங்க. மெஷின்ல மிச்சம் புடிச்சு பேட்ல செலவு பண்ணுங்க.

11 ஜனவரி

"கையால தேச்சா போதாதா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். கைப்பிடிக்குப் பின்னாடி விழுற நகக் கீறலுக்குப் போதும். பானட்டுக்குப் போதாது. முட்டி போயிடும், கோடு போகாது.

13 ஜனவரி

கேட்டவர் மெஷின் ஆர்டர் போட்டாச்சாம். வர்றதுக்குள்ள கழுவற கதையைச் சொல்லிடறேன்.

ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தோட பிளாஸ்டிக் கவருக்குள்ள விரலை விட்டு பானட்டைத் தடவுங்க. நறநறன்னு ஒரு சொரசொரப்பு தெரியும். பிரேக் பேட்ல இருந்தும் ரயில் பாதைல இருந்தும் பறந்து வந்து குத்தி நிக்கிற இரும்புத் தூள், தார்ப் புள்ளி, மரத்துப் பிசின். இது மேல அப்படியே மெஷினை ஓட்டினா அந்தத் தூளையே பேட்ல வச்சு தேய்க்கிறதா ஆயிடும். அயர்ன் ரிமூவர் அடிச்சா இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறத்துல வழியும், பாக்கவே சந்தோஷமா இருக்கும். நாத்தம்தான் அழுகின முட்டை. அப்புறம் கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி), சோப்புத் தண்ணி தாராளமா விட்டு. கிளே கீழ விழுந்துட்டா குப்பைல போட்டுடுங்க, கழுவி யூஸ் பண்றேன்னு நிக்காதீங்க.

சென்னைல மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் போர் தண்ணில கழுவறவங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. காஞ்ச சொட்டு ஒவ்வொண்ணும் வெள்ளை வளையமா உக்காந்திருக்கும். அது உப்பு, கோடு இல்ல. பாலிஷால அதை எடுக்கப் பாக்காதீங்க. வெள்ளை வினிகரும் ஏசி-ல சொட்டுற தண்ணியும் சரி பாதி கலந்து, துணியை நனைச்சு ஒரு நிமிஷம் போட்டு வச்சு கழுவுங்க, பெரும்பாலும் கரைஞ்சுடும். அதுக்கப்புறமும் வளையம் தெரிஞ்சா கிளியர் கோட்டை (நிறத்துக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) அது அரிச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்ப பாலிஷ்.

இதுல ஒரு கொடுமை: தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு ஆர்ஓ கழிவுத் தண்ணியை பக்கெட்ல புடிச்சு கார் கழுவறாங்க. எண்ணம் நல்ல எண்ணம். ஆனா போர் தண்ணில இருந்த உப்பெல்லாம் குறைஞ்ச தண்ணில சேந்து வர்றது அது, போரை விட மோசம். வீடு துடைங்க, கார் வேண்டாம்.

14 ஜனவரி, போகி

மேல சொன்ன எல்லா அறிவுரையையும் இன்னிக்கு ஒத்தி வைங்க. தெரு முழுக்க டயர் புகை. கார் மேல கரிச் சாம்பல். யாரும் துணியால துடைக்காதீங்க, தட்டாதீங்க, ஊதக்கூட வேண்டாம். சாயங்காலம் ஹோஸ் வச்சு தண்ணியை மட்டும் விடுங்க. பொங்கல் வாழ்த்துகள்.

21 ஜனவரி

மெஷின் வந்துடுச்சாம். இனி நேரா வேலை.

பானட்ல ஒரு ஓரமா ரெண்டு அடிக்கு ரெண்டு அடி மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டுங்க. அந்தக் கட்டத்துலதான் சோதனை. இருக்கிறதுலயே மென்மையான பாலிஷ், மென்மையான பேட்ல ஆரம்பிங்க. போகலைன்னா பேடை மட்டும் கெட்டியாக்குங்க. அப்பவும் போகலைன்னாதான் பாலிஷை மாத்தணும். எல்லாரும் இதைத் தலைகீழா பண்றாங்க.

பேக்கிங் பிளேட் (மெஷின்ல பேட் ஒட்டுற தட்டு) விளிம்புல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்கோங்க. ஓடும்போது அந்தக் கோடு சுத்தி வர்றது தெரியணும். நின்னுட்டா அழுத்தம் அதிகம், இல்ல மெஷினைச் சாய்ச்சுப் புடிச்சிருக்கீங்க.

பேட்ல பட்டாணி அளவு நாலு சொட்டு. மெஷினை ஆன் பண்ணாம கட்டம் முழுக்க ஒத்தி எடுங்க. ஆன் பண்ணிட்டு ஒத்தினா சுவர், சட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாத்துக்கும் பாலிஷ் கிடைக்கும். ஸ்பீடு 1-ல பரப்பி, 4-க்கு ஏத்தி, செகண்டுக்கு ஒரு இன்ச் கணக்குல நகத்துங்க. கைக்கு இது எரிச்சலூட்டுற மெதுவு. ஒரு வரிசை போன தடத்துல பாதி மேல அடுத்த வரிசை ஏறணும். இடவலமா ஒரு தடவை, மேலகீழா ஒரு தடவை, திரும்ப இடவலமா. முதல்ல வெள்ளைப் பாலா இருக்கும், மெல்ல மெல்லத் தெளிஞ்சு கண்ணாடித்தாள் ஒட்டின மாதிரி ஆகும். அங்க நிறுத்துங்க.

துடைக்கிற துணி: நல்ல மொத்தமான மைக்ரோஃபைபர், ஓரத் தையல் இல்லாததா. பனியன் வேஸ்ட்டைக் கண்ணுலயே காட்டாதீங்க. எடுத்த கோட்டை அதே நிமிஷத்துல திரும்பப் போட்டுக் குடுக்கும்.

கட்டம் முடிஞ்சதும் டேப்பை எடுத்துட்டு வெயில்ல பாருங்க. டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாக் காரும் அழகுதான்.

22 ஜனவரி

கேட்டவர் படம் போட்டிருக்கார். டேப் ஓரத்துல இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் மை. அருமை. ஆனா ஒரு ஆழமான கீறல் அப்படியே இருக்கேன்னு வருத்தப்படுறார். நகத்தைக் குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா அது பாலிஷுக்கு அடங்காது, விட்டுடுங்க. மாட்டலைன்னாலும் இன்னொரு தடவை யோசிங்க.

அப்புறம், துடைச்சதோட முடிவு பண்ண வேண்டாம். பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் சின்னக் கோட்டை எல்லாம் நிரப்பி மறைச்சு வைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில நீர்க்கக் கலந்து ஸ்ப்ரே பண்ணித் துடைச்சப்புறம் மிஞ்சுறதுதான் நிஜம். சர்வீஸ் சென்டர்ல பாலிஷ் போட்டு வாங்கும்போது ஜொலிச்ச கார் நாலு வாஷ்ல பழையபடி ஆனதுக்கு இதுதான் காரணமா இருக்கும். அவங்க கோட்டை எடுக்கல, நிரப்பி அனுப்பினாங்க.

4 பிப்ரவரி

"இன்னொரு தடவை யோசிங்க"ன்னு சொன்னேனே, ஏன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. இந்த இழைல எனக்கு முக்கியமான விஷயமே அதுதான்.

கம்பெனி பெயிண்ட் மொத்தமும் பெரும்பாலும் 100-லிருந்து 130 மைக்ரான் வரைக்கும்தான் இருக்கும். தகடு மேல துருத் தடுப்பு, பிரைமர், நிறம், கடைசில கிளியர் கோட். கிளியர் மட்டும் சுமார் 40 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல இருபத்தஞ்சுல ஒரு பங்கு. அதுக்குள்ளதான் வெயில்ல நிறம் வெளுக்காம காக்குற சரக்கும் கலந்திருக்கு. பாலிஷ்னா கோட்டை அழிக்கிறது இல்ல. கோட்டோட அடி மட்டம் வரைக்கும் சுத்தி இருக்கிற கிளியரை இறக்குறது. எடுத்தது திரும்ப வராது.

மென்மையான பாலிஷ் ஒரு மைக்ரானுக்குள்ள முடிச்சுக்கும். காம்பவுண்டும் மைக்ரோஃபைபர் பேடும் சேந்தா ரெண்டு மூணு. எமரி புடிச்சா இன்னும் கூட. வருஷா வருஷம் தீபாவளிக்கு காம்பவுண்ட் போடுறவர் கணக்கு போட்டுப் பாக்கட்டும்.

பெயிண்ட் கேஜ் (பெயிண்ட் கனம் அளக்கிற கருவி) வாங்கலாமா? வாங்கலாம், ஆனா எவ்ளோ எடுத்தீங்கன்னு பாக்க இல்ல, விலை குறைஞ்ச கேஜ் ரெண்டு மைக்ரான் வித்தியாசத்தை நம்பிக்கையா காட்டாது. அதுவும் மொத்த கனத்தைத்தான் சொல்லும், கிளியர் எவ்ளோன்னு சொல்லாது. எந்தப் பேனல்ல ரீபெயிண்ட் ஆயிருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் அது. மத்ததெல்லாம் 110 காட்டி ஒரு டோர் மட்டும் 230 காட்டினா அது வேற பெயிண்ட், தனியா டெஸ்ட் ஸ்பாட் போடுங்க. 600, 800-ன்னு போனா பட்டி பாத்திருக்காங்க. பழைய கார் வாங்குறவங்க இதுக்காகவே கேஜ் வாங்கலாம். பிளாஸ்டிக் பம்பர்ல கேஜ் ரீடிங் வராது, இரும்புலயும் அலுமினியத்துலயும்தான் வரும்.

4 பிப்ரவரி, திரும்ப

அம்பாஸடர் வச்சிருக்கிறவருக்கு: பேட்ல உங்க கார் நிறமே ஒட்டுதுன்னா பயப்படாதீங்க, அதுல தனியா கிளியர் கோட் கிடையாது, பாலிஷ் நேரா நிறத்தைத்தான் தொடுது. அதே மாதிரி புதுக் கார்ல மேல கிளியர் இருந்தும் நிறம் ஒட்டுதுன்னா மெஷினை ஆஃப் பண்ணிட்டு பெயின்டருக்கு போன் பண்ணுங்க.

2 மார்ச்

ரோட்டரி பத்தி முதல் நாள் எழுதினதைக் கொஞ்சம் தளர்த்திக்கிறேன். தாம்பரம் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட்ல ஒரு பெரியவர் வேலை பாக்குறதைப் பாத்தேன். ஒயரைத் தோள் மேல போட்டுக்கிட்டு, கம்பளி பேட்ல தண்ணி தெளிச்சு, வேகத்தை ஆயிரத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு மெஷினோட எடை மட்டும் பேசுற மாதிரி ஓட்டினார். ஒரு கை மெஷின்ல, இன்னொரு கையோட புறங்கை அப்பப்ப பேனல்ல, சூடு பாக்க. விளிம்பு வந்தா பேட் எப்பவும் உள்ளேர்ந்து வெளிய சுத்துற பக்கமா திருப்பிக்கிறார், விளிம்புல இடிக்கவே விடல. டிஏ-ல எனக்கு அரை நாள் புடிக்கிற பேனல் அவருக்கு ஒரு டீ நேரம்.

கேட்டேன், "ஐயா, ஹாலோகிராம் வராதா?" "வரும். அதை எடுக்கத்தான் சின்ன மெஷின்"னு ஸ்டாண்டுல இருந்த டிஏ-வைக் காட்டினார். அவ்ளோதான். ரோட்டரில கோட்டை எடுத்து, அது விட்டுட்டுப் போற வில் வில்லான தடத்தை டிஏ-ல முடிக்கிறது. ரெண்டுக்கும் சண்டையே இல்ல. சண்டை நமக்குள்ளதான்.

வீட்ல பண்றவங்களுக்கு என் பதில் மாறல. அந்தப் புறங்கை கடைல கிடைக்காது.

5 மே

கத்திரி ஆரம்பிச்சாச்சு, "பாலிஷ் பவுடரா உதிருது"ன்னு கேள்வியும் வந்தாச்சு. எதிர்பாத்ததுதான். கறுப்பு பானட்ல கை வைக்க முடியலைன்னா பாலிஷும் வைக்கக் கூடாது. ஈரம் ஆவியாகி வெறும் துகள் மட்டும் காஞ்சு நிக்கும். காலைல ஆறு மணிக்கு, நிழல்ல, ஃபேன் காத்து நேரா படாத இடத்துல பண்ணுங்க. கட்டத்தைப் பாதியாக்குங்க. அப்பவும் உதிர்ந்தா பேட்ல அளவுக்கு மேல பாலிஷ் ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் மெஷினை ஓட விட்டு நைலான் பிரஷ்ஷால பேடைத் தட்டுங்க. நேரம் கிடைக்கலைன்னா ஐப்பசி வரைக்கும் விட்டுடுங்க, கோடு எங்கயும் போயிடாது.

19 மே

செராமிக் கோட்டிங் கடைல "9ஹெச், வைரம் மாதிரி"ன்னு சொன்னாங்களாம். 9ஹெச்-ங்கிறது பென்சில் கடினம். படம் வரையிற பென்சில்ல ஹெச்பி, 2ஹெச் வருதே, அந்த வரிசைல கடைசி. 9ஹெச் பென்சிலால கீறினாலும் கோடு விழலைன்னு அர்த்தம். வைரத்துக்கு 10 குடுக்கிறது மோஸ் அளவு, அது கனிமங்களோட கடினத்துக்கான வேற வரிசை. மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் துகள் மோஸ் 7, பென்சில் கரியைத் தூக்கிச் சாப்பிட்டுடும். ஆக, கோட்டிங் மேலயும் மண்ணு துணி பட்டா கோடு விழும். கோட்டிங் போட்டா தண்ணி உருண்டு ஓடும், அழுக்கு லேசுல போகும், பறவை எச்சம் அரிக்க கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதுக்குப் பணம் குடுக்கலாம். கல்லு, ஆட்டோ, பக்கத்து வீட்டு சைக்கிள் இதுல எதையும் அது தடுக்காது.

கார்னௌபா மெழுகு வேணுமா? அழகு அதுலதான். ஆனா அது 80 டிகிரி சொச்சத்துலயே உருகுற வஸ்து. நம்ம மே மாசத்துல கறுப்பு பானட் மேல அதுகிட்ட நீண்ட ஆயுசு எதிர்பாக்காதீங்க.

9 ஜூன்

கேட்டவர் திரும்ப வந்திருக்கார். பிப்ரவரில முழுக் காரும் முடிச்சாராம், இப்ப டோர்ல வட்டம் வட்டமா மறுபடியும் கோடு. "பாலிஷ் தங்கல"ங்கிறார்.

பாலிஷ்ங்கிறது தங்குற பொருள் இல்லையே. எடுத்தது எடுத்ததுதான். இது புதுக் கோடு. உங்க பேஸ்மென்ட்ல காலைல அஞ்சரைக்கு யார் வர்றாங்கன்னு பாருங்க.

எங்க பிளாக்ல இருபத்துச் சொச்சம் காருக்கு ஒரு அண்ணன். ஒரு பக்கெட், ஒரு துணி. முதல் கார்ல இருந்து எடுத்த மண்ணு கடைசிக் கார் வரைக்கும் போகும். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ஒரு காருக்கு அவருக்குக் கிடைக்கிறது அஞ்சு நிமிஷம். நான் போய், "அண்ணே, என் காரை டெய்லி துடைக்க வேணாம். கண்ணாடி மட்டும் துடைங்க, ஞாயித்துக்கிழமை நானே கழுவிக்கிறேன், சம்பளம் அதேதான்"னேன். அவர் சந்தேகமா பாத்தார். "சார், துடைக்கலைன்னா மேடம் நான் வரலைன்னு நினைச்சுப்பாங்களே." கடைசில வைப்பரைத் தூக்கி நிறுத்திட்டுப் போறதுன்னு ஒப்பந்தம். வைப்பர் நின்னா அண்ணன் வந்தார்னு அர்த்தம். இன்னிக்கு வரைக்கும் அதுதான் நடக்குது, கோடும் பெருசா ஏறல.

இப்ப உங்க டோரை உடனே பாலிஷ் பண்ணாதீங்க. முதல்ல துடைக்கிறதை நிறுத்துங்க. ஒரு வருஷம் போகட்டும், அப்புறமும் கண்ணை உறுத்தினா ஃபினிஷிங் பாலிஷ் ஒரே ஒரு ரவுண்டு. மிச்சம் இருக்கிற கிளியரை வச்சுத்தான் பத்து வருஷம் ஓட்டணும்.

10 ஜூன்

இழுத்துக்கிட்டே போகுது, கடைசிக் கேள்வி: மஞ்சளான ஹெட்லைட்டுக்கு இதே காம்பவுண்ட் போடலாமா? போடலாம், தெளியும். ஆனா ஹெட்லைட் பாலிகார்பனேட், அது மேல வெயிலைத் தாங்க ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். மஞ்சளாகிறதே அது கெட்டுப்போறதாலதான், நீங்க தேய்க்கும்போது மிச்சமும் போயிடும். மேல யூவி கிளியர் ஸ்ப்ரேயோ ஃபிலிமோ போடலைன்னா சில மாசத்துல பழையபடி மஞ்சள். ஸ்ப்ரே அடிக்கிறதுக்கு முன்னாடி சுத்தி பானட், பம்பர் எல்லாம் டேப்பும் பேப்பரும் ஒட்டி மறைச்சுக்கோங்க. லைட்டு எரிஞ்ச சூட்டோட அடிக்காதீங்க.